மூடியைத் திறக்கவிடாதவர்

கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தபோது நான் மேட்டுப்பாளையம் பூண்டு மண்டியில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வேன். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டதிலிருந்து யாரிடமும் கொடுப்பதில்லை. 'கிருஷ்ணசாமி' என்று கூட்டி முடித்ததும் ஒரே சந்தோஷம். நண்பர் வருகிறார், டீ சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அடுத்த சொல்லுக்கு நேரமானது. 'காலமானார்.' ஏதோ ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்திருப்பேன் என்று திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன்.

நம் மண்டியில் எல்லாருக்கும் அவர் சுருட்டுக்காரர். கோயமுத்தூர் மில்லில், நூல் அறாமலிருக்கக் காற்றை ஈரமாக வைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். சுருட்டை வாங்கிய கையோடு பற்றவைக்க மாட்டார். "புதுசு நாக்கைச் சுடுமுங்க. இருட்டுல கெடந்தாத்தான் காரம் எறங்கி மணம் ஏறும்" என்பார். கோயமுத்தூரின் ஆடிக்காற்றில் சுருட்டு சருகாகிவிடும். அதைவிட, அவர் மனைவி சரோஜா அம்மா சுருட்டை வாசல் தாண்ட விடமாட்டார். அதனால் மலையடிவார ஈரத்தையும் என்னையும் நம்பி, ஒரு மரப்பெட்டியோடு பஸ் ஏறி வந்தார்.

முதல் பெட்டியை மண்டிப் பரணில்தான் வைத்தோம். நிழல், குளிர்ச்சி, எலி வராது. சுருட்டு பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் குடித்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் மண்டிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பூண்டு வாசம் யார் மூக்குக்கும் தெரியாமல் போய்விடுமே. மாசக்கணக்கில் காத்திருந்து ஒன்றைப் பற்றவைத்தவர், கண்ணை மூடி இழுத்துவிட்டுச் சொன்னார்: "பழனி, இது சுருட்டு இல்லீங்க. ரசமுங்க."

மண்டியே சிரித்தது. அவர் கடைசிவரை இழுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த பெட்டி என் வீட்டு அலமாரிக்கு வந்தது. உள்ளே ஒரு மூலையில், தண்ணீரில் நனைத்துத் துடைத்த செங்கல் துண்டு. ஈரம் அதிகமானால் பூஞ்சணம், குறைந்தால் சருகு. எனக்கோ கை சும்மா இருக்காது. நாளெல்லாம் மூடியைத் திறந்து தொட்டுப் பார்ப்பேன். அவர் வந்து முகர்ந்ததுமே கண்டுபிடித்துவிடுவார். "ஏனுங்க, அடுப்புல குழம்பா கொதிக்குது? பொறுங்க பழனி, பொறுங்க. தைக்கு ரெண்டு பேரும் சேந்து பத்தவெப்போம்."

ஐப்பசி மழையில் போய்விட்டார்.

காரியத்துக்கு முந்தின நாள் சரோஜா அம்மா கூப்பிட்டார். "ஏனுங்கண்ணா, அவரு சுருட்டு உங்கூட்டுலதானுங்க இருக்குது? படையலுக்கு ஒண்ணு வேணுமுங்க."

"உங்களுக்கு எப்படீங்கம்மா தெரியும்?"

"மேட்டுப்பாளையம் போய்ட்டு வந்தா சட்டையெல்லாம் பூண்டு நாறும். ஒரு நாளாச்சும் ஒரு பல்லு பூண்டு கொண்டாந்திருப்பாருங்களா? சுருட்டுக்கில்லாம வேற எதுக்குங்க அங்க போவாரு?"

தைக்கு முன் திறக்கக் கூடாது. அவருக்கே என்றால் திறக்காமலும் இருக்க முடியாது. இரவெல்லாம் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். விடிந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். படையல் இலைக்குப் பக்கத்தில் அவர் மகன் பற்றவைத்து வைத்தான். புகை நீலமாக மெதுவாக எழுந்தது. நல்ல மணம், காரம் இறங்கிவிட்டிருந்தது. சரோஜா அம்மா குனிந்து முகர்ந்து பார்த்தார். "பூண்டு வாசமே இல்லீங்களே" என்றார். அப்போதுதான் அழுதார்.

மீதிச் சுருட்டுகள் என்னிடம் இருக்கின்றன. தை பிறந்ததும் அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் வாருங்கள். அதுவரை என் கையை என்னால் நம்ப முடியவில்லை. அதனால் மூடிமேல் சாக்கட்டியால் அவருடைய சொல்லை நானே எழுதிவைத்திருக்கிறேன்: பொறுங்க. 'று' மட்டும் கொஞ்சம் கோணல். கை மூடிப் பக்கம் போகும்போதெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். படித்து முடிப்பதற்குள் கை திரும்பிவிடுகிறது.