பந்தலுக்குள் போகும் டிராக்டர்

மிக்கேல்ராஜ் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைவார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டின் கூரை எங்கோ உயரத்தில் இருக்கிறது, அங்கேயும் குனிவார். யானை நிமிர்ந்து போகக்கூடிய மாதா கோயில் வாசலிலும் குனிவார். புதிதாக வந்த பங்குச்சாமியார் ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, இப்படிப்பட்ட தாழ்மை இந்தக் காலத்தில் அபூர்வம் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். ஊர்க்காரர்கள் மறுத்துப் பேசவில்லை. சாமியாருக்குத் திராட்சைப் பந்தலைப் பற்றித் தெரியாது என்று விட்டுவிட்டார்கள்.

சின்னாளபட்டியைத் தாண்டி உள்ளே பிரியும் சாலையில் அவர்கள் ஊர். அங்கே மிக்கேல்ராஜுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை இருக்கிறது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, மேலே கொடியைப் படரவிட்ட பந்தல். அவருடைய அப்பா போட்டது. அப்பா குட்டையான மனிதர். தன் தலை இடிக்காத உயரத்துக்குப் போட்டுவிட்டு, அதோடு திருப்தி அடைந்துவிட்டார். மகன் இப்படி வளர்வான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மிக்கேல்ராஜ் வளர்ந்து கம்பியைத் தொட்டார், குனிந்தார், அப்படியே இருந்துவிட்டார். கல்யாணப் போட்டோவில்கூட அவர் தலை கவிழ்ந்துதான் இருக்கிறது. மாப்பிள்ளைக்குச் சம்மதம் இல்லையோ என்று பெண் வீட்டார் கொஞ்ச நாள் கவலைப்பட்டார்கள்.

அந்தப் பெண் ஜோஸ்பின். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. வீட்டுக்கு ஆள் வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஆனால் வந்தவர் சட்டையில் எந்தப் பித்தான் இல்லை, யார் டீயை முழுதாகக் குடிக்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அவள் ஒன்றும் செய்வதில்லை. பார்ப்பாள், அவ்வளவுதான்.

பந்தலுக்கு அடியில் களை எடுக்க ஆள் கிடைக்காமல் போனபோதுதான் டிராக்டர் பேச்சு வந்தது. காலையில் மில் வேன் வந்து ஊரில் கைகால் உள்ளவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விடும். மீதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போய் மரத்தடியில் இருப்பார்கள். ஊரில் ஒரே டிராக்டர் மிக்கேல்ராஜின் அக்கா புருஷன் பிராங்கிளினுடையது. அது பெரிய வண்டி, பந்தலுக்குள் நுழையாது. அது நுழைகிற வெறுங்காட்டுக்கும் அவர் சொன்ன வாரத்தில் வருவதில்லை. அதனால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. எது என்பதையும் மிக்கேல்ராஜ் முடிவு செய்திருந்தார். பிராங்கிளினுடையதைவிடப் பெரியது.

அதற்குக் காரணம் இருந்தது. ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் தை மாதத் திருவிழாவில் அந்தோணியார் சப்பரத்தை இழுக்க வண்டி கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அன்று அவர் கழுத்தில் மாலையோடு, சப்பரத்துக்கு முன்னால், ஊரே பார்க்க உயரத்தில் உட்கார்ந்து வருவார். பல வருடமாகப் பிராங்கிளின்தான் வருகிறார். மிக்கேல்ராஜ் பின்னால் நடந்து வருவார், குனிந்து.

பெரிய வண்டி பந்தலுக்குள் எப்படிப் போகும் என்ற கேள்விக்குப் பிராங்கிளினே பதில் வைத்திருந்தார். நடுவில் இரண்டு வரிசைக் கொடியையும் தூணையும் பிடுங்கிவிட்டால் வண்டி போய் வர ஒரு பாதை கிடைத்துவிடும் என்றார். பாதையில் வண்டி போகும், சரி, மற்ற வரிசைகளில் யார் களை எடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. மிக்கேல்ராஜ் தலையாட்டினார்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஜோஸ்பின் நின்றிருந்தாள். அந்த நடு இரண்டு வரிசையும் அவள் கல்யாணமாகி வந்த வருடம் தன் கையால் குச்சி நட்டவை. தோட்டத்திலேயே முதலில் நிறம் திரும்புவதும், முதல் விலைக்குப் போவதும் அவைதான். மகள் ரூபியை நர்சிங் படிக்க வைத்ததும் அவைதான் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த இரண்டு வரிசை போகக் கூடாது. டிராக்டர் விஷயத்தில் அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். வண்டி சிவப்பாக இருந்தாலும் சரி, நீலமாக இருந்தாலும் சரி.

ஒரு சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள். தரையிலிருந்து கம்பி வரை பிடித்து இன்னொரு முடிச்சு. கயிற்றைச் சுருட்டிக் கட்டைப்பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

டிராக்டர் பார்க்கத் திண்டுக்கல்லுக்கு ஒரு வேனில் போனார்கள். வண்டியைப் பற்றித் தெரிந்தவர் என்று பிராங்கிளின். சப்பரத்தைப் பற்றித் தெரிந்தவர் என்று அந்தோணிமுத்து. திருவிழாக் கணக்கு வழக்கெல்லாம் அவர் பொறுப்பு, மிக்கேல்ராஜுக்குச் சித்தப்பா முறை. தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவர ஜோஸ்பின். பிரியாணியை முதலில் சாப்பிட்டுவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம் என்று பிராங்கிளின் சொன்னதால் கடைக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது.

கடையில் விற்பனைக்கு இருந்தவர் மதன்குமார் என்ற இளைஞர். எத்தனை ஏக்கர் சார் என்று கேட்டார். மிக்கேல்ராஜ் ஒன்றரை என்பதற்குள், மூன்று நான்கு இருக்கும் என்று பிராங்கிளின் சொல்லிவிட்டார். வாசலிலேயே நிறுத்தியிருந்த பெரிய வண்டியைச் சுற்றி மூவரும் நின்றார்கள். பிராங்கிளின் டயரை உதைத்துப் பார்த்தார். எதற்கு உதைக்கிறார் என்று அவருக்கும் தெரியாது, ஆனால் உதைத்தபின் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அந்தோணிமுத்து நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, இது சப்பரம் இழுக்குமா?"

"ஐயா, இது கரும்பு லோடே இழுக்கும்."

"கரும்பு வேற, அந்தோணியார் வேற தம்பி."

மதன்குமார் அதை ஒத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில் ஜோஸ்பின் கடையின் பின்பக்கம் போயிருந்தாள். அங்கே சுவரோரம் ஒரு சின்ன டிராக்டர் தூசி படிந்து நின்றது. பெரிய வண்டிக்குப் பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. சுற்றும் பார்த்துவிட்டு, கயிற்றை எடுத்துப் பின்சக்கரங்களுக்குக் குறுக்கே பிடித்தாள். முடிச்சுக்கு உள்ளேயே அடங்கியது. உயரத்துக்குப் பிடித்தாள். ஸ்டியரிங் அதற்கும் எவ்வளவோ கீழே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மதன்குமார் நின்றிருந்தார். எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டார். அவள் கயிற்றைப் பைக்குள் போட்டாள். வண்டி மூக்கின் மேல் செங்குத்தாக நின்ற புகைக்குழாயைக் காட்டினாள்.

"இது மேல பாத்துத்தான் இருக்குமா? எல கருகிப்போகும்."

"தோட்டத்துக்குன்னா கீழ்ப்பக்கமா மாத்திக் குடுத்துருவோம் மேடம்."

அவள் இன்னொன்றும் கேட்டாள். வண்டியைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவார்களா என்று. காட்டுவோம், டெமோ என்று அதற்குத்தான் பெயர் என்றார் மதன்குமார். வெளியாளிடம் அந்த மாதம் அவள் பேசிய பேச்சு அவ்வளவுதான். அவர் வாசலுக்குப் போய், வீட்டம்மா டெமோ கேட்கிறார்கள், இரண்டு வண்டியையும் கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டார். மிக்கேல்ராஜுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரிய வண்டி தன் ஊர்த் தெருவில் வந்து இறங்கும் என்பதால் சம்மதித்தார்.

டெமோ அன்று மில்லுக்கு விடுமுறை போட்டவர்கள்கூட உண்டு. பெரிய வண்டியில் பிராங்கிளினே ஏறிக்கொண்டார். பாதை போடுவதற்கு முன் ஒரு தடவை உள்ளே விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். முன்சக்கரம் போனது. பின்சக்கரம் தூணில் உட்கார்ந்தது. புகைக்குழாய் கம்பியை மாட்டி இழுத்ததில் பக்கத்துக் கொடியெல்லாம் ஒரு முறை குலுங்கி நின்றது. வெளியே எடுப்பதற்குள் அந்தோணிமுத்து ஒரு டீயைக் குடித்து முடித்து இன்னொன்று வாங்கிக்கொண்டார். ஒரு தூண் சாய்ந்திருந்தது. அது முன்பே சாய்ந்துதான் இருந்தது என்றார் பிராங்கிளின்.

அடுத்து மதன்குமார் சின்ன வண்டியில் ஏறி, பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை இறக்கி, பந்தலுக்குள் விட்டார். வரிசைக் கடைசி வரை போனார், திரும்பினார், அடுத்த வரிசையில் வந்தார். ஒரு இலைகூட விழவில்லை. களை மண்ணோடு மண்ணாகிக் கிடந்தது.

பிறகு அந்தோணிமுத்து, எல்லாம் சரி, இதை வைத்துச் சப்பரத்தை யார் இழுப்பது என்று கேட்டார். எல்லோரும் மிக்கேல்ராஜைப் பார்த்தார்கள். பதில் மோட்டார் ரூம் பக்கமிருந்து வந்தது.

"மாமா, அந்தோணியாருக்கு வருசத்துல ஒரு நாளு வண்டி வேணும். எனக்கு மத்த நாளெல்லாம் வேணும்."

ஜோஸ்பின் சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குள்ளேயே போய்விட்டாள்.

"தங்கச்சிக்கு வாயி இருக்குன்னே இன்னைக்குத்தேன் தெரியுது," என்றார் பிராங்கிளின்.

மிக்கேல்ராஜ் உழுத வரிசையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சின்னதையே எடுத்துவிடுவோம் என்றார். தலை குனிந்திருந்ததால் அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

வண்டி வந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மிக்கேல்ராஜ் மாலையோடு ஏறி உட்கார்ந்து கோயிலிலிருந்து தோட்டத்துக்கு ஓட்டிவந்தார். டிராக்டரில் குனிந்து உட்கார முடியாது. அவர் நிமிர்ந்து வருவதை ஊர் அன்றுதான் முதல் தடவை பார்த்தது. யாரோ விருந்தாளி வருகிறார் என்று சிலர் நினைத்தார்கள். பந்தல் வாசலில் வண்டி நின்றது. முதல் கம்பி அவர் மூக்குக்கு நேரே இருந்தது.

மதன்குமார் குள்ளமான ஆள். டெமோ அன்று எல்லோரும் வண்டியைத்தான் பார்த்தார்கள், ஓட்டியவரின் உயரத்தைப் பார்க்கவில்லை. ஜோஸ்பின் வண்டிக்கு அளவெடுத்தாள், பந்தலுக்கு அளவெடுத்தாள். தன் புருஷனுக்கு எடுக்கவில்லை. இத்தனை வருடம் மடங்கியே பார்த்த மனிதர், விரித்தால் எவ்வளவு நீளம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மிக்கேல்ராஜ் விடவில்லை. ஸ்டியரிங்மேல் கவிழ்ந்துகொண்டு ஓட்டிப் பார்த்தார். நெஞ்சு ஹாரனில் அழுந்தி, வரிசை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போனது. சீட்டைக் கழற்றிவிட்டுச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது, கிளச்சை மிதிக்க முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட்டியதில் கழுத்துப் பிடித்துக்கொண்டது. சீட்டை மறுபடி மாட்டினார். களை வளர்ந்துகொண்டிருந்தது.

பிராங்கிளின் பார்க்க வந்தார். ஆறுதலாகத்தான் பேசினார்.

"இப்பவும் ஒண்ணுங் கெட்டுப்போகல மாப்ள. அந்த ரெண்டு வரிசையப் பிடுங்கிரு. வண்டி சின்னதா இருந்தாலும் பாதை பாதைதான்."

கழுத்தைத் திருப்ப முடியாததால் மிக்கேல்ராஜ் மறுத்துத் தலையாட்ட வழியில்லை. சனிக்கிழமை கடப்பாரையோடு வரச் சொல்லிக் கூலி வேலை செய்யும் ஒச்சப்பனுக்குச் சொல்லி அனுப்பினார். அன்று சாப்பாட்டில் ஜோஸ்பின் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தில் உப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை மிக்கேல்ராஜ் கழுத்துக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டு வரச் சின்னாளபட்டிக்குப் போனார். ஜோஸ்பின் தோட்டத்துக்குப் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிராக்டரில் ஏறினாள். டெமோ அன்று மோட்டார் ரூம் ஓரத்திலிருந்து அவள் மதன்குமாரின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கால் எப்போது அழுந்துகிறது, வலது கை எந்தக் கம்பியை இழுக்கிறது என்பது தெரியும். தெரியாதது, கியர் மாற்றுவது. மதன்குமார் அதைச் செய்தபோது பிராங்கிளின் குறுக்கே நின்றுவிட்டார்.

மிக்கேல்ராஜ் விட்டுவைத்திருந்த முதல் கியரிலேயே வண்டி நடக்கிற ஆளைவிட மெதுவாகப் போனது. அவள் தலைக்கு மேல் தாராளமாக இடம் இருந்தது. நடு இரண்டு வரிசையை முதலில் உழுதாள். பிறகு அடுத்தவை. திருப்பத்தில் ஒரு தூணில் இடித்தாள். தூண் இரண்டாக உடைந்து, அதிலிருந்த கொடி வேரோடு வந்துவிட்டது. இறங்கிப் பார்த்தாள். கொடியை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏறினாள்.

மிக்கேல்ராஜ் திரும்பி வந்தபோது பாதித் தோட்டம் முடிந்திருந்தது. பந்தல் வாசலில் நின்று பார்த்தார். உழுத வரிசைகளைப் பார்த்தார். உடைந்த தூணைப் பார்த்தார். ஜோஸ்பின் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியுமா என்று அவளுக்குச் சந்தேகம்.

"ஏன் இப்பிடி உருட்டிக்கிட்டுக் கெடக்க? கியரு மாத்தலையா?"

"மாத்தத் தெரியல."

அவர் குனிந்து உள்ளே வந்தார். வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தார்.

"கிளச்ச முழுசா மிதி. இப்ப இத இந்தப் பக்கம் தள்ளு. விடு, மெதுவா விடு."

வண்டி ஒரு குதி குதித்துவிட்டு வேகமாகப் போனது. மிக்கேல்ராஜ் பின்னால் குனிந்தபடி ஓடினார்.

மறுநாள் ஒச்சப்பன் கடப்பாரையோடு வந்தார். உடைந்த தூணைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு தூண் நடும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டு வரிசையைப் பிடுங்கும் வேலை என்றார்களே என்று கேட்டார். அது இல்லை என்று மிக்கேல்ராஜ் சொன்னார்.

இப்போது பந்தலுக்குள் டிராக்டர் ஓட்டுவது ஜோஸ்பின். யாராவது வேடிக்கை பார்க்க வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு மோட்டார் ரூமுக்குப் போய்விடுகிறாள். அவர்கள் போனபின் வந்து தொடர்கிறாள். ரோட்டில் ஓட்டுவதும் பழம் ஏற்றிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போவதும் மிக்கேல்ராஜ். சப்பரத்தைப் பிராங்கிளின் வண்டிதான் இழுக்கிறது. நடு இரண்டு வரிசையும் நிற்கின்றன. இடித்ததில் போன கொடிக்குப் பதிலாக ஒரு குச்சி நட்டிருக்கிறார்கள். அது இன்னும் கம்பியை எட்டவில்லை.