காற்றை முடிந்துவைத்த மலைக்காரி

அந்தப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் விளக்குமாற்றின்மேல் உட்கார்ந்து ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே இன்னொருத்தி, இன்னொரு விளக்குமாற்றில். இருவரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம். நான் தோணி ஏறப் புறப்பட்ட காலையில் என் மனைவி அதைப் பழுப்புத் தாளில் பொதிந்து, கருவாட்டுப் பொட்டலத்துக்கும் நான் உடுக்கும் சாரத்துக்கும் நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். "வாசிச்சிட்டு வந்து, நீங்க யாரு கட்சின்னு சொல்லுங்க" என்றாள். அதுவரை அவள் என்னிடம் பேசியவற்றில் நீளமான பேச்சு அதுதான்.

எழுபதுகளில் தூத்துக்குடியிலிருந்து பாய்த்தோணிகள் வெங்காயமும் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்தன. அப்படி ஒரு தோணியில் நான் கலாசி. பாய் ஏற்றவும் இறக்கவும் கயிறு இழுக்கவும் தெரியும், பேசத் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிருந்தது. அவள் குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவள், பள்ளி இறுதி வகுப்பு தேறியவள். தோணி கரையில் கிடக்கும் நாட்களில் அவள் சோறு போடுவாள், நான் தின்றுவிட்டுத் திரேஸ்புரம் கரைக்குப் போய்க் கூட்டாளிகளோடு உட்கார்ந்துகொள்வேன். வீட்டில் இருந்தால் என்ன பேசுவது என்ற பயம். வெட்கம்தான் காரணம், ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? இப்படியே போனால் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள்போல ஆகிவிடுவோம் என்று எனக்கே தோன்றியது.

அவள் வாசிப்பதை மட்டும் ஒளிந்து பார்ப்பேன். குசினியில் மீன்குழம்பு கொதிக்கும். வலது கையில் அகப்பை, இடது கையில் புத்தகம். கண் எழுத்தைவிட்டு நகராது. ஆனாலும் குழம்பு அடிபிடித்ததாக ஒருநாளும் இல்லை. எந்த நேரத்தில் புளி, எந்த நேரத்தில் தீயைக் குறைப்பது என்பதெல்லாம் அந்தக் கைக்கே தெரியும். நடுவில் திடீரென்று தனியாகச் சிரிப்பாள். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கும். கேட்டதில்லை. இன்று தோணிகளுக்கெல்லாம் எஞ்சின் வந்துவிட்டது. அவளுக்கும் கண்ணாடி வந்துவிட்டது. அகப்பையும் புத்தகமும் இன்னும் அதே கைகளில்தான் இருக்கின்றன. இத்தனை வருஷம் பார்த்தும் அந்தக் காட்சி எனக்குச் சலிக்கவில்லை.

புத்தகத்துக்கு வருகிறேன். யாரோ வெளிநாட்டு அம்மாள் எழுதியது. இளவயதுப் பிள்ளைகளுக்காக யாரோ தமிழில் மாற்றியிருந்தார்கள். ஒரு ஊரில் இரண்டு இளம் சூனியக்காரிகள். ஒருத்தி மலைமேல், ஒருத்தி ஆற்றங்கரையில். ஊரின் தலைமைச் சூனியக்காரி கண்ணை மூடினால் அந்த இடம் யாருக்கு என்று போட்டி. எனக்குப் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் தலை வலித்தது. பறக்கத் தெரிந்தவள் எதற்காகக் காட்டுவழியே கால் நோக நடக்கிறாள்? நினைத்ததும் தண்ணீர் வருமென்றால் அப்புறம் என்ன கஷ்டம்? சின்ன வயதில் சூனியம் என்ற சொல் காதில் விழுந்தாலே சிலுவை போட்டுக்கொள்ளச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அதனால் பக்கத்துக்குப் பக்கம் கை நெற்றிக்குப் போய்வந்தது. ஆனாலும் மூடிவைக்க முடியவில்லை. யார் கட்சி என்று போய்ச் சொல்லியாக வேண்டும்.

"புதுமாப்ள என்ன கையில ஜெபப் பொஸ்தகமா?" என்று கேட்டார் தண்டல். தோணியின் தலைவரைத் தண்டல் என்போம். நாங்கள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அட்டையைப் பார்த்தவர், "ஏலே, வாரியல்ல ஏறிப் போறாளுவலே! உன் பொண்டாட்டி உனக்கு எதையோ சூசனையாச் சொல்லுதா" என்றார். தோணியே சிரித்தது. உரக்க வாசிக்கச் சொன்னார்கள். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் மலைக்காரி, ஆத்துக்காரி என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். மலைக்காரி கோபத்தில் ஊர்க் காற்றையெல்லாம் பிடித்துத் தன் கழுத்துத் துணியில் முடிச்சுப் போடுகிற இடம் வந்தது. பாயிழுத்துக் கை காய்த்தவனுக்கு இதைவிட எரிச்சல் வேறென்ன வேண்டும்? போதும் என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் விடிந்தபோது காற்று இல்லை. வாடைக்காற்று முடிந்து கச்சான் காற்று இன்னும் பிடிக்காத காலம். அப்படி ஆவது சகஜம்தான். ஆனால் அதற்கடுத்த நாளும் பாய் ஈரத் துணிபோலத் தொங்கியது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. வெயிலில் வெங்காயம் அவிந்து நாற ஆரம்பித்தது. சமையல் செய்யும் பண்டாரி குடிதண்ணீர்ப் பீப்பாயைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எல்லாம் அந்தப் பொஸ்தகத்தால வந்த வினை. தூக்கிக் கடல்ல போடுலே."

அது என் மனைவியின் புத்தகம். நான் அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். தண்டல்தான் தலையைச் சொறிந்தபடி பேசினார்.

"போட்டா முடிச்சும் சேந்துல்லா முங்கும்? பொறவு யாரு அவுக்கது? ஏலே, காத்தக் கெட்டிப் போட்டுட்டு நீ பாட்டுக்குப் பொஸ்தகத்த மூடி வச்சிட்ட. அவ அவுக்காம நமக்கு எப்படிலே காத்து வரும்? உக்காரு. வாசி."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பாய் நிழலில் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தொண்டை வறளும்போது அவரவர் பங்குத் தண்ணீரில் ஒரு வாய் எனக்குக் கொடுத்தார்கள். கடைசியில் ஆத்துக்காரி இருட்டில் மலையேறி, தூங்குகிறவளின் கழுத்துத் துணியைக் களவாண்டு முடிச்சுகளை அவிழ்த்துவிடுகிறாள். எல்லாரும் பாயைப் பார்த்தோம். அது அசையவில்லை.

"களவாண்டவள ஜெயிக்க விட்டுட்டாவளே, இது என்ன நியாயம்?" என்றார் பண்டாரி.

"காத்த முடக்கினவ பக்கம் தோணிக்காரன் நிக்கலாமா? நான் ஆத்துக்காரி கட்சி" என்றார் தண்டல்.

"அப்ப நாளைக்கு உம்ம சட்டைய ஒருத்தன் களவாண்டா சும்மா இருப்பீரோ?"

தோணி இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. அந்தச் சத்தத்தில் பாய் பட்டென்று அடித்துக்கொண்டதைக் கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவேயில்லை.

கரை திரும்பி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "நல்லாயிருந்துச்சி" என்று சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன். அவள் கேட்டதும் "எனக்குப் பிடிக்கல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "ஏன்?"

ஏன் என்றால் சொல்லித்தானே ஆக வேண்டும். பாயிழுக்காதவளுக்குக் காற்று அடங்குமா என்றேன். பிறகு காற்று நின்றதை, பண்டாரி கடலில் போடச் சொன்னதை, முடிச்சும் சேர்ந்து முங்கும் என்று தண்டல் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முதலிலிருந்து இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். ஆனால் தண்டல் ஆத்துக்காரி கட்சி என்றதும் முகம் மாறிவிட்டது. "அண்ணாச்சிய ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தண்டல் வந்தார். "என்ன தாயி, கோர்ட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டிருக்க?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். தேநீரைக் கொடுத்துவிட்டு அவள் குசினி வாசலில் நின்றாள். என்னிடம் பேசத் தயங்குகிற அந்தப் பெண், ஊரே மரியாதை கொடுக்கும் மனிதரிடம் குரல் நடுங்காமல் பேசினாள்.

"காத்தக் கெட்டினது தப்புதான் அண்ணாச்சி, நான் இல்லங்கல. ஆனா அந்த ஊர்ல ஒரு ஆளாவது மலையேறிப் போயி, சாப்பிட்டியா, இங்கன உனக்கு எப்படி இருக்குன்னு அவகிட்ட கேட்டாங்களா? ஆத்துக்காரிகூட முடிச்ச அவுக்கத்தான் ஏறிப் போனா. அவளப் பாக்கப் போகல."

தண்டல் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "நீ சொல்லுதது சரிதான் தாயி." வாசலில் செருப்பை மாட்டும்போது, வழக்கம்போல அவரோடு கிளம்பிய என் தோளில் கைவைத்து நிறுத்தினார். "நான் கரைக்குப் போறேன். நீ வராண்டாம்லே."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள். நான் குசினிக்குள் போனேன்.

"இங்கன உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டே, "இப்பதான் ஏறி வாரீங்களாக்கும்" என்றாள்.