தலைதூக்கி மாஸ்டர்

பள்ளிக்கூட வேனை ஓட்டுகிறவரும் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவரும் ஒரே ஆள்தான். காலையில் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து இறக்குவார். மாலையில் மணி அடித்ததும் காக்கிச் சட்டையைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு, பனியனும் விசிலுமாக மைதானத்தில் நிற்பார். பயிற்சி முடிந்ததும் அதே பிள்ளைகளை அதே வேனில் ஏற்றி வீட்டு வாசலில் விடுவார். இரண்டு வேலைக்கு இரண்டு ஆள் வைக்க அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மனசு கிடையாது. வேன் கைவிட்டுப் போனால் மைதானமும் போய்விடும். அவர் செய்த தப்புக்கெல்லாம் காரணம் தேடி அலைய வேண்டாம், இது ஒன்றுதான்.

அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் புதுசு. பந்து உருண்டு வந்தால் பல்லியைக் கண்டதுபோல் அலறி, ஓங்கி ஓர் உதை விட்டு ஓடிப்போகிற சின்னப் பெண்கள். முதல் நாளே சொல்லிவிடுவார், பந்தை உதைக்கிறதுக்கு ஆள் நிறைய இருக்கு, கூட்டிக்கிட்டுப் போறதுக்குத்தான் ஆள் இல்ல என்று. உள்பாதத்தால் ஒரு தட்டு, வெளிப்பாதத்தால் ஒரு தட்டு. ஆள் சூழ்ந்து நின்றால் பந்து காலோடு ஒட்டியிருக்க வேண்டும். காலி இடம் கிடைத்துவிட்டால் பந்தை நாலு எட்டு முன்னால் விட்டுவிட்டுக் காற்றாய்ப் பறக்க வேண்டும். இதைச் சொல்வது சுலபம். பிள்ளைகள் செய்தால்தானே! எல்லாரும் தொலைந்த கம்மலைத் தேடுகிறவர்கள் மாதிரி தரையையே பார்த்துக்கொண்டு ஓடி, ஒருத்தி மண்டையில் ஒருத்தி முட்டிக்கொள்வார்கள்.

அதற்கு அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பந்தோடு வருகிற பிள்ளைக்கு முன்னால் பின்புறமாகவே ஓடிக்கொண்டு, கையை உயர்த்தி விரல்களைக் காட்டுவார். தட்டிக்கொண்டே எத்தனை என்று சொல்ல வேண்டும். அது பழகியதும் பக்கவாட்டில் வந்துவிடுவார். பிள்ளை நேராகப் பார்த்தபடி, கடைக்கண்ணில் தெரிகிற விரலை எண்ணிச் சொல்ல வேண்டும். “திரும்பாம சொல்லு. பந்தைக் கால் பாத்துக்கும், கண்ணுக்கு வேற வேலை இருக்கு. தலையத் தூக்கு.” நாள் முழுக்க இதே பாட்டு என்பதால் தலைதூக்கி மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சரியாகச் செய்தால் மைதானமே அதிர ஒரு “சபாஷ்” போடுவார். அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் நாக்குத் தள்ள ஓடுவார்கள்.

ஓராண்டுக்கு முன்னால் தலைவலி என்று கண் மருத்துவரிடம் போனார். அங்கே ஓர் இருட்டுப் பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். இவர் அமுக்கினார். பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. மிஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்து, வெளியே வந்ததும் அதையே சிரித்துக்கொண்டு சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை. நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, ஓரப்பார்வைதான் போய்க்கொண்டிருக்கிறது, இடது பக்கம் ரொம்ப மோசம், போனது திரும்பாது, தினமும் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். கடைசியாக, “இனிமே வண்டி ஓட்டாதீங்க” என்றார். இவர் பவ்யமாகத் தலையாட்டினார். வெளியே வந்தார். வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. சொட்டு மருந்து வேனின் டூல்ஸ் பெட்டியில், ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு பழைய துணிக்குள் ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து உலகம் அவரிடம் விளையாட ஆரம்பித்தது. யாரும் இல்லாத இடத்தில் திடீரென்று ஓர் ஆள் முளைத்தான். கதவு நிலை வேண்டுமென்றே வந்து தோளில் இடித்தது. வேனின் இடதுபுறக் கண்ணாடி ஒரு நாள் உடைந்து தொங்கியது, புதுசு மாட்டினார். அதே பக்கத்துத் தகரத்தில் கீறல்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்தன. எந்தக் கீறல் எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியாது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. உரசியது சுவராகவோ மரமாகவோ இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வேனை நிறுத்தியதும் கீறலைக் குனிந்து விரலால் தடவிப் பார்ப்பார்.

மனைவி தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நூலிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் கண் அவளுக்கு. தோளில் என்ன கன்றிப்போயிருக்கிறது என்று கேட்டால் பந்து பட்டுவிட்டது என்பார். எந்தப் பந்து தினமும் அதே தோளில் படும் என்று அவள் முணுமுணுப்பாள். ஒரு நாள் இவருக்கு இடதுபக்கம் டீயை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இவரோ சமையலறையைப் பார்த்து டீ எங்கே என்று குரல் கொடுத்தார்.

“இவ்வளவு நேரமா பக்கத்துலதான உக்காந்திருக்கேன். நான் ஒரு ஆளு இருக்கறது கண்ணுக்கே தெரியலையா?”

“உன்னைப் பாத்தா கண்ணு கூசுதுடி, அதான்” என்று சமாளித்தார். அவள் சிரித்துவிட்டாள்.

மைதானத்தில்தான் கொஞ்சம் நிம்மதி. அங்கே சுவர் இல்லை, தூண் இல்லை, எதிரே வருகிற லாரி இல்லை. அங்கே தன்னால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று மனசார நம்பினார்.

பிள்ளைகளில் ஒருத்திக்குப் பல்லி என்று பட்டப்பெயர். ஒல்லிக்குச்சி. எப்போதும் மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டியே ஓடுவாள், சுவரில் ஊர்கிற மாதிரி. பந்தை முன்னால் விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தால் அவளைப் பிடிக்க அங்கே ஆளே கிடையாது. அவள் மட்டும் இருந்தால் போதும், எவனையும் ஜெயிக்கலாம் என்று மனைவியிடம் பெருமையடித்திருக்கிறார். இந்த வருஷம் அந்த வேகம் அவளிடம் இல்லை. வளர்கிற வயசு, உடம்பு கனத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டார்.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு ஆட்டம் வந்தது. வேனில் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் துவைத்துக் காயப்போட்ட துணியாய்த் தோற்றுப்போனார்கள். எதிரணிப் பெண்கள் அகலமாகப் பரவி ஆட, இவருடைய பெண்கள் மொத்தமும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஒருத்தி காலை ஒருத்தி மிதித்தார்கள். இரண்டு பக்கமும் புல் பச்சையாகக் கிடந்தது, போவதற்கு நாதியில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பள்ளிக்கூடத்துக் கோச் வந்து கைகுலுக்கி, உங்க பிள்ளைங்களுக்கு மைதானத்துல ஓரமே கிடையாதா மாஸ்டர் என்று கேலி பேசிவிட்டுப் போனார். இவரும் பல்லைக் காட்டிவைத்தார்.

பல்லி ஷூவைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினார்.

“ஓரத்துல அவ்வளவு எடம் கெடந்துச்சே, ஏன் போகல?”

“போனா உங்களுக்குப் பிடிக்காதே, மாஸ்டர்.”

“யாரு சொன்னா?”

“நான் ஓரத்துல ஓடினப்பல்லாம் நீங்க ஒரு வாட்டிகூட சபாஷ் சொல்லல. நடுவுல வர்றவங்களுக்குத்தான் சொல்றீங்க. அதான் நானும் வந்துட்டேன். எல்லாரும் வந்துட்டாங்க.”

அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள். அவருக்குத்தான் உறைத்தது. தன் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மட்டும் சபாஷ் விழுந்திருக்கிறது. சபாஷ் விழுந்த இடத்துக்குப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக நகர்ந்து வந்திருக்கிறார்கள். தன் கண்ணில் இருந்த குறையை, தலையைத் தூக்கு தலையைத் தூக்கு என்று சொல்லிச் சொல்லியே, நல்ல கண் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்றிவிட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதற்கும் அடியில் பயமாக இருந்தது. இதுவே தெரியாமல் போயிற்று என்றால் இன்னும் என்னென்ன தெரியாமல் போயிருக்கும்?

அந்தக் குழப்பத்தோடுதான் வேனில் ஏறி உட்கார்ந்தார். பிள்ளைகள் ஏறினார்கள். பின்னால் வழக்கமான கூச்சல். பந்துப் பையின் வாய் அவிழ்ந்து ஒரு பந்து படியில் குதித்து வெளியே உருண்டது. கடைசியாக ஏறிய பல்லி அதை எடுக்க இறங்கி ஓடினாள். பந்து வேனின் இடது முன் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றிருந்தது. அவர் இடதுபுறக் கண்ணாடியைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருப்பதாகத் தெரிந்தது. கியரைப் போட்டார்.

டப்பென்று வெடித்தது. வேனுக்குள் பிள்ளைகள் வீரிட்டார்கள்.

பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். இறங்கிப் பார்க்கக் கை கதவுக்குப் போகவில்லை. பின்னால் யாரோ அவளுடைய பட்டப்பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தது மட்டும் கேட்டது. வெடித்தது பந்து என்று தெரிவதற்குள் அவர் ஒரு முறை செத்துப் பிழைத்தார்.

பல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. குனிந்து எடுத்திருந்தால் ஆகியிருக்கும். அவள் குனியவில்லை. பழக்கத்தில் உள்ளங்காலால் பந்தை இழுத்துக்கொண்டே தலையைத் தூக்கி வைத்திருந்தாள். வண்டி அசைவதைப் பார்த்ததும் பந்தை விட்டுவிட்டுப் பின்னால் துள்ளி விழுந்திருக்கிறாள்.

எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இடதுபக்க ஜன்னலுக்கு வந்தாள். அவளுடைய மூச்சு அவருக்குக் கேட்டது.

“மாஸ்டர், இது எத்தனை?”

அவர் தலை தானாகத் திரும்பப் போனது.

“திரும்பாம சொல்லுங்க.”

அழுதவளும் நிறுத்திவிட்டாள். அவர் முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நேரே எல்லாம் துல்லியமாக இருந்தது. கோல் கம்பம், கிழிந்த வலை, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த மனிதரின் சட்டைப் பொத்தான்வரை. இடதுபக்கம் ஒரு கை இல்லை, ஒரு பிள்ளை இல்லை, ஜன்னல்கூட இல்லை.

“தெரியல” என்றார்.

சாவியைத் திருகி எடுத்தார். அவர் ஒன்றும் சொல்லாமலே, பின்னால் இருந்த பிள்ளைகள் பைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வேனைவிட்டு இறங்க ஆரம்பித்தார்கள்.