குழாய்க்குச் சுற்றிய வைக்கோல்

திண்டிவனத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குத் தண்ணீர், வீட்டுச் சொந்தக்காரரின் தொட்டியிலிருந்து சுற்றுச்சுவர் மேல் ஓடிய இரும்புக் குழாயில் வந்தது. நூல் மாதிரிதான் வரும். கத்திரி வெயிலில் அதுவும் கொதிக்கும்.

என் கொழுந்தனார் பட்டாளத்தில் காஷ்மீரில் இருந்தார். லீவில் வந்தபோது, அங்கே பனிக்காலத்தில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறைந்து குழாய் வெடித்துவிடும், அதனால் வைக்கோலும் சாக்கும் சுற்றிவைப்பார்கள் என்று சொன்னார். என் கணவருக்கு அது போதும். குளிரை விடாதது வெயிலை மட்டும் விடுமா என்று கேட்டு, ஒரு ஞாயிறு முழுக்க வைக்கோல் பிரி திரித்துக் குழாய்க்குச் சுற்றினார். சாக்கு கிடைக்கவில்லை. தெருவே சிரித்தது, நானும்தான். அது பரவாயில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் குழந்தையிடம் வராமல் முதலில் குழாயைத் தொட்டுப் பார்ப்பார். அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரமே பத்து மாதக் குழந்தைக்குக் காய்ச்சல். முதல் நாள் ராத்திரி வலிப்பே வந்துவிட்டது. மறுபடி வரக் கூடாது, சூடு ஏறினால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் மத்தியானம் உடம்பு அனலாகக் கொதித்தது. பானைத் தண்ணீர் காலையிலேயே தீர்ந்திருந்தது. பயந்துகொண்டே குழாயைத் திறந்தேன். தண்ணீர் சூடில்லாமல் வந்தது. அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

குண்டான் நிரம்புவதற்குள் குழாய் ஆடியது. எட்டிப் பார்த்தால், தெருவிலிருந்து ஒரு பசு சுவர் மேல் கழுத்தை நீட்டி வைக்கோலைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. வாய்க்கு எட்டும் உயரத்தில் தீனி கட்டிவைத்தால் மாடு சும்மா போகுமா? படித்த மனுஷருக்கு அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒவ்வொரு இழுப்புக்கும் குழாய் எழும்பியது. மூட்டில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. அது விட்டுப்போனால் தொட்டித் தண்ணீர் மொத்தமும் தெருவில்தான். அதட்டினேன். பசு தலையை உதறியது, குழாயும் சேர்ந்து குலுங்கியது. உள்ளே குழந்தையின் முனகல் நின்றிருந்தது. கையில் கிடைத்த விறகை ஓங்கினேன்.

எதிர்வீட்டு அம்மா தடுத்தார். "அடிச்சின்னா கொழாயயும் இஸ்துக்கினு ஓடும். துன்றதுக்கு எதுனா ஜல்தியா வையிம்மா."

கணவருக்கு வைத்திருந்த கேப்பைக் கூழைச் சட்டியோடு கொண்டுபோய்த் தெருவில் வைத்தேன். பசு கொஞ்சம் யோசித்தது. பிறகு வைக்கோலை விட்டுக் கூழில் வாயை வைத்தது. முந்தானையைக் கிழித்து மூட்டில் இறுக்கிக் கட்டிவிட்டு, பாதிக் குண்டான் தண்ணீரோடு உள்ளே ஓடினேன்.

குழந்தை பாதிக் கண் திறந்து, துவண்டு கிடந்தது. துடைத்தேன், நனைத்தேன், மறுபடி துடைத்தேன். வெகுநேரம் கழித்து அதன் கழுத்தில் வேர்த்தது. பாலுக்கு அழுதது. கூடவே நானும் அழுதேன்.

சாயங்காலம் அவர் வந்தார். உரிந்து தொங்கிய குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, குழந்தையின் நெற்றியில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவேயில்லை.

"நாளைக்கு நானே போய் சாக்கு வாங்கினு வர்றேன்" என்றேன். "கொழாயயும் ஒரு வாட்டி தொட்டுப் பாத்துட்டு வாங்க."