மலேயாவுக்குப் போன முனியனும் ஈ தின்னும் செடிகளும்

முனியன் கை பட்ட செடி சாகாது என்று எங்கள் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் மனிதரைக் கப்பலேற்றியது.

அம்பத்தூர் ஏரிப் பக்கம் சைக்கிள் மணி செய்கிற கம்பெனி அது. நான் டைம் ஆபீஸில் கிளார்க், முனியன் தோட்டக்காரர். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவார். 1967 மழைக்குப் பிறகு கொசு தாங்கவில்லை. பிரஸ் மெஷினில் நிற்கிற ஆட்கள் மணியை விட்டுவிட்டு ஒருவர் முதுகை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து முதலாளி வீரராகவன் ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையைப் படித்துவிட்டார். மலேயா மலைகளில் ஒரு செடியாம். இலை நுனியில் குடுவை தொங்குமாம். பூச்சி உள்ளே விழுந்தால் செடி தின்றுவிடுமாம். அதையே கம்பெனிக்கு வேலியாக வைத்துவிட்டால்? அவருடைய மைத்துனர் அங்கே ரப்பர் தோட்டத்தில் இருந்தார். முதலாளிக்கோ படகில் கால் வைத்தாலே தலை சுற்றும்.

"முனியா, நீ போய் எடுத்துகிட்டு வா."

"எங்க மொதலாளி, பக்கத்துல நூம்பலுக்கா?"

"மலேயாவுக்கு."

வீட்டில் மனைவி குப்பம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "பூச்சிய துன்ற செடி உன்னிய மட்டும் உட்டுடுமா? கிட்ட போவாதய்யா, தூர நின்னு புடுங்கு."

போகிற ஏழு நாளும் முனியன் கப்பலின் டெக்கில் குப்புறப் படுத்தே கிடந்தார். கடலை அவர் பார்க்கவேயில்லை, கேட்டதோடு சரி. மலையில் ஏறத் துணைக்கு வந்தவர் தேவராஜ் என்கிற தோட்டத்துக் கங்காணி. புலி இருக்கிறது என்று சொல்லி முனியனை முன்னால் நடக்கவிட்டார். பின்னாலிருந்துதான் புலி வரும் என்று பாதி வழியில் யாரோ சொல்ல, இருவரும் மிச்ச மலையைப் பக்கவாட்டில் நடந்தே ஏறினார்கள். அட்டை கடித்து, வழுக்கி விழுந்து, மூன்று நாள் காய்ச்சலில் உளறி, கடைசியில் பதினெட்டுச் செடிகளை வேரோடு எடுத்தார் முனியன். காலி பிஸ்கட் டின்களில் நட்டார்.

நிஜமான கஷ்டம் திரும்பும்போதுதான். உப்புக் காற்றில் இலைகள் கருகின. டெக் பயணிகளுக்குக் குடிதண்ணீர் அளந்துதான் தருவார்கள். முனியன் தன் பங்கைச் செடிக்கு ஊற்றிவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியும் செடிகள் வாடின. பசி என்று முடிவு செய்தார். கப்பல் சமையற்கட்டில் மணவாளன் என்று ஒருவர். மீன் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஈ பிடித்துக்கொள்ள அவர் இடம் கொடுத்தார். இரண்டு நாளில் டெக் முழுக்க இதே வேலையாகிவிட்டது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சீட்டைப் போட்டுவிட்டு, துண்டை வீசி ஈ பிடித்து, "அண்ணாத்தே, இந்தா" என்று கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இது பொறுக்காதவர் ஒருவர் இருந்தார். பினாங்கில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சண்முகசுந்தரம். சுத்த சைவம். "பழக்கினால் எதுவும் பழகும்" என்று சொல்லி, ஒரு செடியைத் தத்து எடுத்துக்கொண்டு அதன் குடுவைகளில் தயிர்சாதம் ஊட்டினார். மூன்றாம் நாள் அது அழுகிப்போயிற்று.

"கொன்ட்டியே வாத்தியாரே" என்று முனியன் அழுதே விட்டார்.

"உயிர்க்கொலை செய்யாமல் போய்ச் சேர்ந்தது. அதற்கு நல்ல கதிதான்" என்றார் வாத்தியார்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது ஒன்பது செடிகள் மிச்சம். செடிகளைச் சோதிக்கிற அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் கையில் படிவம் இருந்தது. மண்ணோடு வரக்கூடாது என்றார். முனியன் வேரைக் கழுவினார். பூச்சி இருக்கக்கூடாது என்றார்.

"பூச்சிதான் சார் அதுக்கு சோறு. உயிரோட இல்ல, செரிச்சிகினு கீது."

அதிகாரி ஒரு குடுவைக்குள் மூக்கை நீட்டினார். பிறகு கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். எல்லாக் குடுவையையும் கவிழ்க்கச் சொன்னார். கப்பலில் முனியன் ஈ பிடித்துப் போட்டதெல்லாம் துறைமுகச் சாக்கடையில் போயிற்று.

அம்பத்தூர் வெயிலில் முதல் வாரமே ஆறு செடிகள் போயின. எஞ்சிய மூன்றுக்கும் ஈரச் சாக்குப் பந்தல் போட்டு, மாலை சாத்தி, முதலாளி திறப்பு விழா நடத்தினார். இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். முதலில் வந்த கொசு முனியன் கழுத்தில் உட்கார்ந்தது. அதற்கடுத்தது முதலாளி கழுத்தில்.

ஒரு மாதத்தில் கொசு குறைவதற்குப் பதிலாகப் பந்தலைச் சுற்றித்தான் அதிகமாக இருந்தது. முனியன் ஒரு குடுவையைச் சாய்த்து என்னிடம் காட்டினார். உள்ளே இருந்த தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"பாத்தியா நைனா, மலேயாலேர்ந்து அதுங்களுக்கு ஊடு கட்டி இட்டாந்து குட்த்துகீறேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. முதலாளி வந்து பார்த்தார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் குடுவைகளில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லி ஆள் வந்தது. இரண்டு செடிகளுக்கு முனியனே ஊற்றினார். மூன்றாவதைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து ரயிலேற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை கேட்டில் கூடையைத் திறந்து பார்க்க வேண்டியவன் நான்தான். பார்க்கவில்லை.

அது வேப்பம்பட்டில் கிணற்றடியில் ஏழு வருஷம் இருந்தது. ஒரு குடுவைகூட விடவில்லை. நீள நீளமாய் வெறும் இலைதான். அது இன்னா செடி என்று கேட்பவர்களுக்குக் குப்பம்மா, "மலேயாலேர்ந்து வந்த விருந்தாளி, ஒண்ணுமே துன்ன மாட்டேங்குது" என்பாள். 1975இல் பக்கத்து வீட்டு ஆடு அதை மேய்ந்துவிட்டது. முனியன் ஆட்டுக்காரியோடு சண்டைக்குப் போகவில்லை. இரண்டு நாள் அந்த ஆட்டுக்கு ஏதாவது ஆகிறதா என்று மட்டும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆடு நன்றாகவே இருந்தது.