மூன்று மாதம் நிற்கும் பாலிஷ்

இரண்டாயிரங்களில் சில வருஷம் விருதுநகரில் எங்கள் வீட்டு வாசலில், தகரக் கொட்டகைக்குள், ஒரு பழைய வெள்ளைக் கார் ஓடாமல் நின்றது. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய கையோடு சவுதிக்குப் போய்விட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது. மாதம் ஒருதடவை பக்கத்துத் தெரு டிரைவர் வந்து இன்ஜினை உறுமவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை போனில், "இன்னும் மூணு மாசத்துல லீவு. வந்ததும் உன்ன வெம்பக்கோட்டை அணைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். போன வருஷமும் இப்படித்தான் சொன்னார். கம்பெனி லீவு தரவில்லை. இருந்தாலும் போனை வைத்ததும் நான் போய்ப் பார்த்தது காரைத்தான். டயரெல்லாம் வெளுத்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது.

எண்ணெய் வியாபாரிக் குடும்பத்தில் பிறந்தவள் வேறென்ன செய்வாள்? கடலை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். சாயங்காலம் வரை கன்னங்கரேலென்று இருந்தது. மறுநாள் தெருப்புழுதி மொத்தமும் அதில் அப்பியிருக்க, எறும்பு வேறு சாரை சாரையாக ஏறியது.

வெட்கத்தை விட்டு மதுரை ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் டயர் பாலிஷ் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார். "இது எண்ணெய் மாதிரிக்கா. இன்னைக்கே மினுங்கும், ஆனா தூசி புடிக்கும், நாள்பட ரப்பரும் வெடிக்கும். இந்தா, பால் மாதிரி இருக்குல்ல, இது மினுக்கம் கம்மி. மூணு மாசம் நிக்கும். எது வேணும்னு சொல்லுங்க."

மூன்று மாதம் என்றதும் வேறு யோசனை ஏது? அதைத்தான் வாங்கினேன்.

எண்ணெய்ப் பிசுக்குப் போக சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு பகல் முழுக்கக் காயவிட்டேன். ஸ்பாஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, பக்கவாட்டில் மட்டும் மெல்லிசாகப் பூசினேன். ரோட்டில் படும் இடத்தில் பட்டால் வழுக்குமாம். காய்ந்தபின் இன்னொரு பூச்சு. மாமியார் எட்டிப் பார்த்து, "வண்டிக்கு மருதாணி வைக்கிறியாக்கும்?" என்று சிரித்தார். வைத்தால் என்ன?

அந்த மூன்று மாதமும் தினம் போய் டயரைப் பார்ப்பேன். கறுப்பு குறையவில்லை. எனக்குத்தான் தூக்கம் குறைந்தது.

வந்தார். மெலிந்துபோய் வந்தார். மழைக்காலம் அது. பொரித்த பரோட்டா பொட்டலத்தோடு கிளம்பினோம். சிவகாசி தாண்டியதும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் எதிரே வரிசையாக வர, ஒவ்வொன்றுக்கும் இவர் காரை மண்ணில் இறக்கி இறக்கி ஏற்றினார். அணைக்கரையில் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். திரும்பும்போது கியரிலிருந்த கையை எடுத்து என் கைமேல் வைத்துக்கொண்டார். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லித் திட்டினேன். ஆனால் என் கையை நான் எடுக்கவில்லை.

நாற்பது நாளில் போய்விட்டார். போய் இரண்டு வாரம் கழித்துப் போனில் கேட்டார்: "டயரக் கழுவிப் பாலிஷ் போட்டியா?"

அணை ரோட்டுக் கரிசல் நாலு டயரிலும் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் என்னைக் கூட்டிப்போனதற்கு அடையாளமாக வீட்டில் மிச்சமிருந்தது அந்த மண் மட்டும்தான். பாதி பாட்டில் பாலிஷ் அலமாரியில் அப்படியே இருந்தது.

"அன்னைக்கே போட்டுட்டேங்க" என்றேன்.