வேலிக்குள் இருந்த கிணறு

தண்ணீர் பார்க்க வந்தவர்கள் நான்கு பேர். தமிழ் பேசும் அதிகாரி ஒருவர், சிங்களம் பேசும் அதிகாரி ஒருவர், போத்தல் பெட்டியைத் தூக்கியவர், வாகனம் ஓட்டியவர். வாசலில் என் கணவர். பின்னால் கிடுகு வேலிக்குள் நான், என் மகள், பக்கத்து வீட்டில் இருக்கும் கணவரின் தங்கை.

மூன்று வருடத்துக்கு முன்பு, மாம்புரிப் பக்கம் எங்கள் வளவில் நடந்தது. கடற்கரை மண்ணைத் தோண்ட ஒரு கம்பெனி வரப்போவதாகக் கதை. அதற்கு முன் ஊர்த் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எழுதி வைப்பார்களாம். பிறகு கெட்டுப்போனால் அதைக் காட்டித்தான் கேட்க முடியுமாம்.

எங்களுக்குக் கிணறு இரண்டு. வேலிக்குள் இருப்பது நல்ல தண்ணீர். ஆறு வீட்டார் அதைத்தான் குடித்தோம். களப்போரம், கடல்நீர் தேங்கும் பக்கம், இருப்பது உவர். ஆட்டுக்கும் தென்னம்பிள்ளைக்கும் மட்டும்.

அந்த நேரம் நாங்கள் குளித்துக்கொண்டிருந்தோம். அந்நிய ஆண்களை அங்கே விடுவது வழக்கமில்லை.

"உள்ளுக்குப் பொம்புளயல் இரிக்கிறாங்க சேர். களப்படியிலயும் ஒரு கிணறு இரிக்கி, வாங்க" என்று இவர் சொன்னது வேலிக்குள் கேட்டது.

"எந்தக் கிணறு எண்டாலும் பரவாயில்ல நானா. வெயிலுக்கு முந்தி முடிச்சாச் சரி" என்றது தமிழ் பேசும் அதிகாரியின் குரல்.

களப்போரக் கிணற்றில் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். தாகம் என்றார்கள். நான் உடை மாற்றி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தனுப்பினேன். ஆளுக்கு ஒரு கிளாஸ். மூன்று பேர் மறுபடியும் கேட்டார்கள்.

"இளநி மாதிரி இரிக்கே நானா!" என்றார் தமிழ் அதிகாரி. இவருக்கு வாயெல்லாம் சிரிப்பு.

பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்து அறிக்கையை வாசித்தார்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீர் ஏற்கெனவே உப்பு, குடிக்க உதவாது, ஆகவே மண் தோண்டுவதால் குடிதண்ணீருக்குப் பாதிப்பில்லை என்று இருந்தது.

நான் எழும்பினேன். "எங்கட வீட்டுல நீங்க குடிச்சீங்களே சேர், அது உப்பா?"

தமிழ் அதிகாரி தாளைப் புரட்டினார். "ராத்தா, குடிச்சது வேற. போத்தல்ல எடுத்ததத்தான் எழுதேலும்."

"அப்ப இன்னொரு போத்தல் எடுங்க."

"அந்த வேல முடிஞ்சி."

வீடு வரும் வழியில் கணவரின் தங்கை சும்மா வரவில்லை. "கிணத்துக்கும் முக்காடு போட்டு வெச்சீங்க நானா. இனி யாரு பாக்கப் போறா?" இவர் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

தோண்டினார்கள். இரண்டாவது கோடையில் தேத்தண்ணீர் கரித்தது. சீனி கூட்டிப் பார்த்தோம். கரிப்புப் போகவில்லை. முறையிடப் போன இடத்தில் அதே அறிக்கையை எடுத்து, அதே பக்கத்தைக் காட்டினார்கள். இப்போது பவுசர் வண்டியில் தண்ணீர் வருகிறது. வேலிக்குள் குளித்த நாங்கள் குடத்தோடு நடுரோட்டில் நிற்கிறோம்.

இவர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் கிணறு நல்ல கிணறாக இருந்ததற்கு எந்தத் தாளிலும் சாட்சி இல்லை. அன்று வாசலில் அவர்கள் குடித்ததுதான் சாட்சி.

ஏழு கிளாஸ்.